ஃபெரெட் வளர்ப்பவர்கள் பறவைக் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டுமா?

பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு எச்5என்1, எச்7என்9 என்று பல பெயர்கள் வருகின்றனவே, ஃபெரெட்டுக்கு (கீரி போல நீண்ட உடல் கொண்ட சிறிய செல்லப் பிராணி) எது ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். எச், என் இரண்டும் வைரஸின் மேலே இருக்கும் புரதங்கள். எண், அவற்றின் வகை. இப்போது கவனிக்க வேண்டியது எச்5என்1தான். ஃபெரெட்டின் நெருங்கிய உறவான மிங்க், 2022இல் ஸ்பெயினில் ஒரு பண்ணையில் இந்த வைரஸ் தொற்றி மடிந்தது. அதனால் பச்சைக் கோழி இறைச்சியும் காய்ச்சாத பாலும் வேண்டவே வேண்டாம். செத்த பறவை கிடந்த பக்கம் நடந்தீர்களா? செருப்பை வாசலிலேயே விடுங்கள். ஃபெரெட் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ கால்நடை மருத்துவரிடம் முதலில் போனில் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். அப்புறம், உங்களுக்கு வரும் சாதாரண ஃப்ளூவும் அதற்கு ஒட்டிக்கொள்ளும். 1933இலிருந்தே ஃப்ளூ ஆய்வுக்கு ஃபெரெட்டைப் பயன்படுத்துவது அதனால்தான். உங்களுக்கு ஃப்ளூ வந்தால், குணமாகும்வரை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதீர்கள்.