ஜனநாயகம், குடிமைத் தலைமை என்று ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளால் கிராமத்தில் ஏதாவது மாறுகிறதா?

மாறுகிறது. என்னிடமே மாறியது. எது மாறும், எது மாறாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் ஓர் ஊராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தேன். அதற்கு முன் ஊராட்சி அலுவலகத்துக்குள் வீட்டு வரி கட்ட மட்டுமே போயிருக்கிறேன். முதல் ஓராண்டு எனக்கிருந்த ஒரே வேலை கையெழுத்துப் போடுவது. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும். அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் போடுவேன். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருக்கும். "பிறகு எழுதிக்கொள்ளலாம் அக்கா, அவசரம்" என்பார்கள். என்ன தீர்மானம் என்று கேட்டால், சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம்.

அந்த நேரத்தில்தான் மதுரையில் ஓர் ஆய்வு நிறுவனம் பெண் உறுப்பினர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தது. முதல் நாள் காலை முழுவதும் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது சட்டத் திருத்தம், சுதந்திரம், உரிமை என்று பேசினார்கள். நல்ல பேச்சு, ஆனால் மனதில் தங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் வயதான ஓர் அம்மா வந்தார். ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, மாதிரி கிராம சபை நடத்தி, தீர்மானம் எழுதச் சொன்னார். நான் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இருந்த மூன்று விரற்கடை இடத்தைத் தொட்டுக் காட்டி, "இதற்குள் இன்னொரு தீர்மானம் நுழைந்துவிடும் அம்மா" என்றார். ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போடச் சொன்னார். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும், வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிக் கொடுத்தார். காலையில் கேட்ட சுதந்திரம் எனக்குப் புரிந்தது அந்த ஸ்கேலைப் பிடித்தபோதுதான்.

அடுத்த முறை புத்தகம் வந்தபோது, "எழுதிக் கொண்டு வாருங்கள் தம்பி, வாசித்துவிட்டுப் போடுகிறேன்" என்றேன். குரல் நடுங்கியது. வந்தவரின் முகம் கறுத்தது. எதற்கு ஊர் வம்பு என்று என் வீட்டுக்காரரும் சலித்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து எழுதிக் கொண்டு வந்தார்கள். எங்கள் தெருக் கழிவுநீர் வாய்க்காலைத் தூர்வாரியதாக அதில் ஒரு செலவு இருந்தது. அந்த வாய்க்கால் என் வாசலில்தான் ஓடுகிறது. ஒரு மண்வெட்டிகூட இறங்கவில்லை என்று சொன்னேன். அந்த வரியை அடித்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்ப நீட்டினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. எங்கள் பக்கத்து மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவருடன் வந்தவர்களையும் விடவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் ஒருவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதற்கு அரசின் உறுதி வேண்டியிருந்தது, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது, கட்சிகளும் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இரண்டு நாள் வகுப்பு அந்த இடத்தை நிரப்பாது. நிரப்பும் என்று எந்த நிறுவனமாவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சியோடு நிற்காமல், அடுத்த ஆறு மாதமாவது எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்காருங்கள் என்று அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை.

2024 நவம்பரில் எங்கள் வட்டாரத்தில் சுமார் 20 சதுர கிலோமீட்டரில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் தோண்டும் ஏலத்தை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்தது. அதற்குள், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் வந்தது. ஊர்கள் அதை எதிர்த்து எழுந்தன. அந்த எழுச்சியை எந்தப் பயிற்சியும் உண்டாக்கவில்லை. மலையும் கண்மாயும் போய்விடும் என்ற பயம் உண்டாக்கியது. நவம்பர் 23 கிராம சபைகளில் ஊராட்சிகள் வரிசையாகச் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தோம். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

எங்கள் ஊர்த் தீர்மானத்தைச் செயலர் எழுதும்போது பக்கத்தில் நின்றேன். முழுவதையும் உரக்க வாசிக்கச் சொன்னேன். காது கேளாத ஒரு பாட்டிக்காக இரண்டாம் முறையும் வாசித்தார். கடைசி வரிக்குக் கீழே மீதியிருந்த இடத்தில் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அதன் பிறகுதான் கையெழுத்துக்கு வரிசை நின்றது.