ஆறு நாளில் எத்தனை தீவு?

கேள்வி: ஆகஸ்டில் ஒரு வாரம் விடுமுறை கிடைக்கிறது. ஏதென்ஸில் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மிக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி ஆகிய தீவுகளையும் வழியிலுள்ள சிறு தீவுகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஏதென்ஸுக்கே திரும்ப எண்ணுகிறோம். நாங்கள் ஆறு பேர். எந்த வரிசையில் செல்வது நல்லது?

பதில்: எந்த வரிசையில் சென்றாலும் நிதானம் கிடைக்காது. வாடகைப் படகு பொதுவாகச் சனிக்கிழமை மாலை கைக்கு வந்து, அடுத்த வெள்ளி மாலையே துறைக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், உங்கள் ஒரு வாரத்தில் கடலுக்கு மிஞ்சுவது ஆறு நாள். ஏதென்ஸிலிருந்து சாந்தோரினி ஏறத்தாழ 130 கடல் மைல். படகோ மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். அங்கே போய்ச் சேர்ந்தாலும், எரிமலை வாயில் தேங்கிய அந்தக் கடல் பல இடங்களில் 300 மீட்டரையும் தாண்டிய ஆழம் உடையது. நங்கூரம் தரையைத் தொடாது.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் காற்று. பால்கன் பகுதியில் உயரழுத்தமும் துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மெல்டெமி எனப்படும் வடகாற்று, இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் நாள்கணக்கில் வீசும். வானத்தில் ஒரு மேகமும் இராது, கடல் மட்டும் கொந்தளிக்கும். தெற்கே இறங்கும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது, காற்றுக்கு நேர் எதிரே பாய்மரம் ஓடாது என்பதால், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வடக்கே ஏற வேண்டியிருக்கும். (மாசிடோனிய மன்னன் பிலிப் இந்தக் காற்றுக்காலம் பார்த்துத்தான் காரியத்தை முடித்துக்கொள்கிறான், நம்மால் அங்கே போக முடியவில்லை என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே பேச்சாளர் டெமோஸ்தனிஸ் ஏதென்ஸ் மக்களிடம் பொருமியிருக்கிறார். கப்பற்படை வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி.)

ஏதென்ஸிலிருந்துதான் புறப்பட வேண்டுமென்றால், அந்நகரை ஒட்டிய சாரோனிக் வளைகுடாவோடு நின்றுகொள்ளுங்கள். பிஸ்தா விளையும் ஏஜினா தீவு முதல் நாளே வந்துவிடும். போரோஸில் ஊருக்கும் எதிரிலுள்ள பெலொப்பொனீஸ் தீபகற்பக் கரைக்கும் இடையே குறுகிய நீரிணைதான்; படகிலிருந்தே இரண்டு கரைகளையும் வேடிக்கை பார்க்கலாம். ஹைட்ராவில் தனியார் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை, சுமை தூக்கக் கோவேறு கழுதைகள் உண்டு. ஆனால் துறை மிகச் சிறியது. நங்கூரத்தை முன்னே போட்டுப் படகின் பின்புறத்தைக் கரையில் கட்டும் வழக்கத்தால் அங்கே சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிக்கொள்ளும் என்பதால், நண்பகலுக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

ஆகஸ்டை மாற்ற முடியாது, ஆனால் புறப்படும் இடத்தை மாற்ற முடியும் என்றால், மேற்கே அயோனியக் கடலுக்குப் போங்கள் என்பேன். அங்குள்ள லெஃப்காடாவிலிருந்து மெகனீசி, கலமோஸ், காஸ்டோஸ், இத்தாக்கா ஆகிய தீவுகள் சில மணி நேரத் தொலைவுக்குள் அடங்கும்; காலையில் அநேகமாக அமைதியாக இருந்து, பிற்பகலில் எழுந்து, மாலையில் அடங்கும் காற்று அது. காலையில் நீந்திவிட்டு மதியத்துக்கு மேல் பாய் விரிக்கலாம். நாக்ஸோஸுக்குத் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசியா போன்ற சின்னஞ்சிறு தீவுகள்தான் உங்கள் உண்மையான ஆசை என்றால், ஜூன் அல்லது செப்டம்பரில் பாரோஸிலேயே படகெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: படகோட்டும் உரிமம் உங்களில் ஒருவரிடம் இருக்க வேண்டும், கூடவே அனுபவமுள்ள துணை ஒருவரும் வேண்டும். இல்லையென்றால் படகோட்டியை அமர்த்த வேண்டும். அவர் படுக்க இடமும் உண்ண உணவும் உங்கள் பொறுப்பு. ஆகவே ஆறு பேருக்கான படகு உங்கள் ஆறு பேருக்குப் போதாது.