அக்கித் தடுப்பூசி: விலையை இரண்டு ஊசிக்கும் சேர்த்துக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 57. அக்கி வந்து, கொப்புளம் ஆறிய பிறகும் என் அப்பா பல மாதம் சட்டை உரசினாலே துடித்ததைப் பார்த்தவன் நான். தடுப்பூசி போடலாம் என்றால் விலை மலைக்க வைக்கிறது. அதிலும் இரண்டு தவணையாம். ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் என்ன? கடையில் நானே வாங்கி எடுத்துப் போகலாமா?

பதில்: ஒன்றோடு நிறுத்துவதாக இருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியின் ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 97 சதவீதம், 70 தாண்டியவர்களிடம் ஏறத்தாழ 90 சதவீதம் பாதுகாப்பு தெரிந்தது. இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டவர்களிடம் கிடைத்த கணக்கு அது. பாதி விலை கொடுத்துவிட்டு முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது. இரண்டுக்குமான தொகையோடு ஊசி போடும் கட்டணத்தையும் கூட்டிக் கேளுங்கள். காப்பீடு இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இரண்டாவது ஊசி 2 முதல் 6 மாதத்துக்குள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மருத்துவர் இதைவிடச் சீக்கிரமே போடச் சொல்லலாம். ஆறு மாதம் தாண்டிவிட்டதா? பரவாயில்லை, மீதி ஒன்றைப் போட்டால் போதும். முதலிலிருந்து தொடங்கி மறுபடி இரண்டுக்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்கிச் சுமப்பது எனக்குப் பிடிக்காத யோசனை. இது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும், உறைந்துபோனால் குப்பைதான். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து எடுத்துப் போகிறவர்கள் அதைத்தான் செய்துவிடுகிறார்கள். ஊசி போடும் இடத்திலேயே வரவழைக்கச் சொல்லுங்கள். பொடி ஒரு குப்பி, திரவம் ஒரு குப்பி என்று இரண்டு இருக்கும். உங்கள் கண்ணெதிரே கலக்கட்டும், காலாவதித் தேதியையும் பாருங்கள். ஊசி போட்ட தேதியும் மருந்தின் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. கை வலி, காய்ச்சல், உடம்பு அடித்துப்போட்டாற்போல அசதி இரண்டு மூன்று நாள் இருக்கலாம். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அன்றாட வேலையே தடைபடுகிறது. மறுநாள் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஊசி படுத்தியதால் இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு; நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் அம்மை வந்ததா என்று எனக்கு நினைவில்லை. பரிசோதனை செய்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: 50 தாண்டியவருக்குப் பொதுவாகத் தேவையில்லை. சின்னம்மை வந்து போன பிறகு அந்த வைரஸ் நரம்பு வேர்களில் பதுங்கிக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்பாற்றல் தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறது. நினைவில்லாவிட்டாலும் பெரும்பாலோர் உடம்பில் அது இருக்கும். அந்தச் செலவை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: போன வாரம் எனக்கு அக்கி வந்துவிட்டது. உடனே ஊசி போட்டால் வலி குறையுமா?

பதில்: குறையாது. இது வருமுன் காக்கும் ஊசி. இப்போது தேவை வைரஸ் எதிர்ப்பு மாத்திரை. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. நாள் கடந்திருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள், கண் அருகே என்றால் இன்றே. அக்கி மறுபடியும் வரக்கூடியது என்பதால், புண் முழுக்க ஆறியபின் தடுப்பூசி பற்றிப் பேசலாம்.