வாசலுக்குப் பலகையா, கதவா?

கேள்வி: திருகோணமலையில் 22 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கேபினுக்கு இறங்கும் வாசல் வெறுமையாகக் கிடக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் பலகைகள் போடுவதா, பிணைச்சல் வைத்த இரட்டைக் கதவா? கதவுதான் வசதி என்கிறார் எங்கள் ஊர் தச்சு பாஸ். - நுவரெலியா

பதில்: பாஸ் எப்போதாவது படகில் ஏறியிருக்கிறாரா? கிரகரி வாவியில் விடுவதானால் திரைச்சீலையே போதும் என்பேன். உங்களுடையது கடல். பலகை போடுங்கள்.

பழைய டவுன் கடைகளில் இரவானால் நம்பர் போட்ட பலகைகளைக் காடியில் ஒவ்வொன்றாகத் தள்ளி அடைப்பார்களே, அதையே படுக்கப் போட்டதுதான் இது. அலை ஏறி, நீங்கள் உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் நின்றாலும், அடிப்பலகை ஒன்று இருந்தால் அது சட்டென்று கேபினுக்குள் இறங்காது. நீங்களோ மேலால் கால் வைத்து ஏறி இறங்கலாம். கதவில் அது நடக்காது, திறந்தால் அடிவரை திறக்கும். தண்ணீரின் பாரமும் பிணைச்சல் திருகாணிகளில்தான் விழும்.

பலகையிலும் வில்லங்கம் உண்டு. வாசல் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், சில அங்குலம் தூக்கினாலே பலகை கழன்றுவிடும். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்ப்படகுப் பந்தயத்தில் அடித்த புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். படகுகள் புரண்டபோது இந்தப் பலகைகள் கழன்று விழுந்ததும் பிறகு நடந்த விசாரணையில் பேசப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பலகையையும் கயிற்றால் படகோடு கட்டுங்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வையுங்கள். கதவு ஆசை போகாவிட்டால், துறையில் நிற்கும்போது மட்டும் மாட்டிக் கழற்றும்படி ஒன்று செய்துகொள்ளலாம்.

அப்புறம், பலகையை நுவரெலியாவில் அறுக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஹட்டனில் நான் வாங்கிய அலுமாரி, கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டே மாதத்தில் கதவோரம் விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியது. திருகோணமலையிலேயே அளவெடுத்து, மரைன் பிளைவுட்டில் செய்யுங்கள்.

கேள்வி: காந்தம் வைத்துப் பார்த்துத்தான் ஸ்டெயின்லெஸ் பிணைச்சல் வாங்கினேன். குளியலறைக் கதவில் ஆறு மாதத்தில் கறள். - பண்டாரவளை

பதில்: மறுபடியும் காந்தமா! ஒட்டாவிட்டால் நல்ல சரக்கென்று நம்பி, ஆளுக்கொரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் வழக்கமான 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316இலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசையிலும் பெரும்பாலும் ஒட்டாது. 316இன் விசேஷம் அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம். அது காந்தத்துக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, நல்ல சரக்குகூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். அப்படி ஒட்டியதென்று நல்ல பிணைச்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒட்டாத மலிவுச் சரக்கை வாங்கி வந்த புத்திசாலி நான்தான். முதல் மழைக்காலத்திலேயே கதவில் பழுப்புக் கோடு வழிந்தது.

உங்களுடையதில் முதலில் திருகாணியைப் பாருங்கள். பிணைச்சல் நல்லதாகவும் திருகாணி சாதா இரும்பாகவும் இருப்பது வழக்கமான கூத்து. குளியலறை கழுவும் அசிட்டும் பட்டிருக்கலாம். அடுத்த முறை பில்லில் தர எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடை.

கேள்வி: வட்ஸ்அப்பில் படம் பார்த்து ஃபைபர் படகு ஒன்றுக்கு முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். இனி என்ன கவனிக்க வேண்டும்? - ஹட்டன்

பதில்: படகு வருகிறதா என்று.

கேள்வி: தேக்கு என்று சொல்லிக் கதவு விற்றார்கள். மழையில் சாயம் கழுவுப்பட்டு வெள்ளைப் பலகை தெரிகிறது. கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். அம்மாவின் ஈபிஎஃப் காசு, ஐயா. - மஸ்கெலியா

பதில்: தம்பி, இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. மரத்தைச் சாயத்துக்குள் மறைத்து விற்றவர்தான் வெட்கப்பட வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பில் தரவில்லையென்றால் இப்போதே போய்க் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரியின் கடமை. கதவுக்கு மறுபடி சாயம் பூசிவிடாதீர்கள், அந்த வெள்ளைத் திட்டுதான் சாட்சி. பில்லின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டை நானே எழுதித் தருகிறேன்.