கண்ணுக்குக் கீழே கருப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது. மூன்று ஐ-க்ரீம் மாற்றியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

நான்காவது க்ரீமை வாங்குவதற்கு முன், உங்களுக்கு இருப்பது எந்த வகைக் கருவளையம் என்று பார்த்துவிடுங்கள். கருவளையம் என்பது ஒரே பிரச்சினையின் பெயர் இல்லை. தோலில் மெலனின் நிறமி கூடினாலும் கருப்பாகத்தான் தெரியும். மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் தெரிந்தாலும் அப்படித்தான். கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே பள்ளம் விழுந்து நிழல் தட்டினாலும் அதே கதைதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பள்ளத்தின் நிழலுக்கு ஒரு வருடம் வைட்டமின் சி தடவினாலும் நிழல் நிழலாகவே இருக்கும். க்ரீம் 'வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். குழல்விளக்கின் கீழ் பார்க்காதீர்கள், மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லோர் கண்ணுக்குக் கீழும் நிழல் போடும். பகலில் ஜன்னலைப் பார்த்தபடி நின்று, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மெல்ல மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழுந்ததும் கருப்பு பெருமளவு மறைந்துவிட்டால் அது பள்ளத்தின் நிழல். அடுத்து, கீழிமைத் தோலை விரல் நுனியால் பக்கவாட்டில் லேசாக இழுங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு நகர்ந்தால் நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் ரத்தக்குழாய். நம் ஊர்த் தோலில் பெரும்பாலும் இரண்டு வகை கலந்தே இருக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்து, உங்களுக்கும் பள்ளிப் பருவத்திலிருந்தே இருந்தால் அது பரம்பரை. அதைக் கொஞ்சம் மங்க வைக்கலாம், முழுக்க அழிக்க முடியாது. இதை யாரும் சொல்லாததால்தான் பலர் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

கருப்பும் சொரசொரப்பும் சேர்ந்தே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணைத் தேய்க்கும் பழக்கத்தை. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. அந்த இடத்தைத் தினமும் தேய்த்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுகிறது, அழற்சி தணிந்த இடத்தில் நிறமி படிகிறது. தூசி அலர்ஜி உள்ளவர்களுக்கு இது இரட்டை அடி. அரிப்பதால் தேய்க்கிறார்கள், மூக்கடைப்பால் கண்ணைச் சுற்றியுள்ள சிரைகளில் ரத்தம் தேங்கி நீலமும் ஏறுகிறது. காலையில் தும்மல், மூக்கில் நமைச்சல், கீழிமையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு மடிப்பு, இவையெல்லாம் இருந்தால் உங்கள் மருந்து ஐ-க்ரீமில் இல்லை, அலர்ஜி வைத்தியத்தில் இருக்கிறது. தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அரிக்கும்போது தேய்க்காமல், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 5 நிமிடம் வையுங்கள். அரிப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் அலர்ஜி மாத்திரையோ கண் சொட்டு மருந்தோ கேளுங்கள். தேய்ப்பது நின்றாலே இரண்டு மூன்று மாதத்தில் தோல் மிருதுவாகத் தொடங்கும்.

அரிப்புக்கு அலர்ஜி காரணம் இல்லையென்றால், தொடும் பொருள்களைப் பாருங்கள். கண்மை, மஸ்காரா, வாசனை போட்ட க்ரீம், தலைவலித் தைலம் எல்லாம் அந்த மெல்லிய தோலில் ஒவ்வாமையைக் கிளப்பலாம். பலருக்குத் தோன்றாத இரண்டு: தலைமுடிச் சாயமும் நகப்பூச்சும். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருள் உச்சந்தலையில் ஒன்றும் செய்யாமல் இமையை மட்டும் வீங்க வைக்கலாம். நகப்பூச்சு பெரும்பாலும் விரலில் எதுவும் செய்யாது, அந்த விரல் போய்த் தொடும் இமையில்தான் அரிப்பு. சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் 4 வாரம் நிறுத்திவிட்டு, பிறகு வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். எது குற்றவாளி என்று அப்போது தெரிந்துவிடும்.

கண்மை போடுபவர்கள் அதை எடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். வாட்டர்ப்ரூஃப் மையை ஈரப் பஞ்சால் முன்னும் பின்னும் தேய்த்து எடுப்பதும் தினசரித் தேய்ப்புதான். பஞ்சில் நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயோ மைசெல்லர் நீரோ விட்டு, கண்ணை மூடி, இமையின் மேல் 30 விநாடி அப்படியே வைத்திருங்கள். மை தானாகக் கரையும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வழித்தெடுங்கள். பஞ்சைத் திருப்பி இன்னொரு முறை. எண்ணெய்ப் பசை போக மென்மையான ஃபேஸ்வாஷ், துண்டால் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான். மை மிச்சமிருந்தால் காலையில் எடுத்துக்கொள்ளலாம், தேய்க்க வேண்டாம்.

சொரசொரப்பு தனித்தனிக் குருணைகளாக இருந்தால் விஷயம் வேறு. குண்டூசித் தலை அளவில், வெள்ளையாக, கெட்டியாக, முத்துப் போல் இருந்தால் மிலியா. தோலுக்கடியில் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைபட்டது, பரு இல்லை, பிதுக்கினாலும் வராது. கனமான க்ரீமை நிறுத்தினால் சில மாதத்தில் தானே போகலாம். இல்லாவிட்டால் தோல் டாக்டர் சுத்தமான ஊசியால் சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார், சில நிமிட வேலை. வீட்டில் ஊசியைத் தொடாதீர்கள், அந்த இடத்தில் விழும் தழும்பும் கருப்புதான். தோல் நிறத்திலேயே, இரண்டு கண்ணுக்குக் கீழும் ஒரே மாதிரி, கூட்டமாகச் சின்னக் கட்டிகள் இருந்தால் சிரிங்கோமா. வேர்வைக் குழாயில் வரும் தீங்கில்லாத வளர்ச்சி, பெண்களுக்கு அதிகம். இதற்கு எந்த க்ரீமும் உதவாது. மின்சாரத்தாலோ லேசராலோ சுட்டு எடுக்கலாம், ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு உண்டு, சுட்ட இடம் சில மாதம் கருக்கலாம். தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுவதே என் பரிந்துரை. கன்னத்திலும் கண்ணோரத்திலும் கருப்பாக, மிளகுப் பொடி தூவியது போல் மேடான புள்ளிகள் இருந்தால் அவை குடும்பவாகில் வரும் மருக்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில் மஞ்சள் திட்டு இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது க்ஸாந்தெலாஸ்மா என்ற கொழுப்புப் படிவு, அப்படி இருப்பவர்களில் பலருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கும்.

நிறமி வகை என்று உறுதியானால் க்ரீமுக்கு வேலை இருக்கிறது. அதிலும் முதலிடம் சன்ஸ்கிரீனுக்குத்தான். குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி, வெயில் தினமும் புது நிறமியைக் கொட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து துடைத்துப் பயனில்லை. கண்ணருகே எரிச்சல் குறைவாக இருப்பது ஜிங்க் ஆக்சைடு வகை. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். நிறம் சேர்த்த வகையில் இரும்பு ஆக்சைடு இருக்கும், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், கருமைக்கு அதுவே மேல். வெள்ளைப் பூச்சாகத் தெரியும் தொல்லையும் இல்லை.

காலையில் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் 4 அல்லது 5 சதவீத நியாசினமைடு உள்ள லோஷன், ஒரு கண்ணுக்கு அரைப் பயறு அளவு. இரண்டு நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன். வெறும் மோதிர விரலால் ஒற்றிப் பூசுங்கள். பூசும் இடம் முக்கியம்: இமையின் ஓரம் வரை போகக் கூடாது. விரலால் தடவினால் தட்டுப்படும் கண்குழி எலும்பின் மேல் வைத்தால் போதும், மீதியைத் தோலே கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்ளும். ஓரம் வரை பூசுவதால்தான் கண் எரிகிறது, 'இந்த க்ரீம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நுண்கோடும் சுருங்கிய காகிதம் போன்ற தோலும்தான் குறை என்றால் இரவில் ரெட்டினால் கைகொடுக்கும். 0.1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசி அளவு. முதலில் மாய்ஸ்சரைசர், பத்து நிமிடம் கழித்து ரெட்டினால், அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். முதல் மாதம் வாரம் இரண்டு இரவு மட்டும். எரிச்சல் இல்லையென்றால் மூன்று இரவு. இதற்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 3 நாள் பொறுத்துப் பாருங்கள். சறுக்குவது எங்கே என்றால், ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று தினமும் பூசத் தொடங்குவதில். தோல் சிவந்து உரியும், அந்த அழற்சியே புதுக் கருமையைக் கொண்டுவரும். உரிந்தால் இரண்டு வாரம் முற்றிலும் நிறுத்தி வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க முயல்பவர்களும் ரெட்டினால் தொடவே கூடாது. எந்த க்ரீமானாலும் 12 வாரத்துக்கு முன் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதே ஜன்னல், அதே நேரம், மாதம் ஒரு போட்டோ. கண்ணாடியை நம்புவதைவிட அது மேல்.

ரத்தக்குழாய் வகைக்குக் குளிர் ஒத்தடமும் காஃபின் சேர்த்த ஜெல்லும் குழாய்களைச் சுருக்கும். சில மணி நேரப் பலன், அவ்வளவே. வெள்ளரிக்காய் வைப்பதில் வேலை செய்வதும் அதன் குளிர்ச்சிதான். காலையில் வீக்கம் இருந்தால் தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், இரவு அப்பளம் ஊறுகாயைக் குறையுங்கள். தூக்கம் குறைந்தால் முகம் வெளிறி, இருக்கும் கருப்பு எடுத்துக்காட்டும். ஆனால் தூங்குவதால் மட்டும் நிறமி போகாது.

சோகையும் இப்படித்தான் வேலை செய்யும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் களைப்பு, படி ஏறினால் மூச்சிரைப்பு, அதிக மாதவிடாய் ரத்தப்போக்கு இருந்தால் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் சோகை. கருமையோடு கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருப்பு இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். க்ளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய்க்கு பிமாட்டோப்ராஸ்ட், லட்டானோப்ராஸ்ட் சொட்டு விடுபவர்களுக்கு இமை கருப்பதும் கண் குழி விழுவதும் மருந்தின் விளைவாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பார்வை போகலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, செய்யவே கூடாதவை. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கொப்புளமும் இருப்பதைவிட அடர்ந்த கருப்பும் வரலாம். பேக்கிங் சோடாவும் பற்பசையும் தோலை அரிக்கும். எல்லாவற்றையும் விட ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் 'வெள்ளையாக்கும் க்ரீம்' என்று கேட்டால் கிடைக்கும் மூன்று மருந்துக் கலவை ட்யூப்கள். ஸ்டீராய்டு, ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்தது. முதல் மாதம் அதிசயமாக வெளுக்கும், அதனால்தான் நம்பிக்கை வருகிறது. பிறகு தோல் காகிதமாக மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தியதும் சிவந்து எரியும். கண்ணருகே ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். இப்போது ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் பழைய ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள், அதை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

பள்ளத்துக்கும், கீழிமையை உப்ப வைக்கும் கொழுப்புப் பைக்கும் க்ரீம் கிடையாது. ஊசியால் ஏற்றும் ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும், ஆனால் மேலாக ஏற்றினால் தோலுக்கடியில் நீலமாகத் தெரியும். அரிதாக மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்வையே பறிபோகலாம். அதனால் இது பியூட்டி பார்லரில் செய்துகொள்ளும் விஷயம் இல்லை. கண்ணமைப்பு தெரிந்த டாக்டர், ஃபில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து கைவசம் இருக்கும் இடம், இரண்டும் இருந்தால் மட்டும். லேசரும் கெமிக்கல் பீலும் நிறமிக்கு உதவலாம், மாநிறத்துக்கு மேல் கருத்த தோலில் ஆற்றலை அதிகம் வைத்தால் அதே இடம் இன்னும் கருக்கும். எத்தனை முறை, எந்த ஆற்றலில், கருத்தால் என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். உடனடியாக மறைக்க வேண்டுமென்றால் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரை மெல்லிசாக ஒற்றி, மேலே உங்கள் நிறக் கன்சீலர். தடியாகப் பூசினால் அது கோடுகளில் இறங்கிச் சொரசொரப்பை இன்னும் காட்டும்.

ஒரு கண்ணில் மட்டும் புதிதாகக் கருப்போ வீக்கமோ, ஆறாத அல்லது ரத்தம் கசியும் கட்டி, காலையில் இமை வீங்கிச் சிறுநீரில் நுரை, இமையில் ஊதாச் சிவப்போடு கை தூக்கவே முடியாத தசை வலுவின்மை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.