வாசகர் கேள்வி – பதில்: பள்ளிக் குழுவோடு சிங்கப்பூர்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 24 பேரை வரும் மே மாதம் நான்கு இரவுகள் சிங்கப்பூர் அழைத்துப்போக நினைக்கிறோம். விலை ஏறுமுன் டிக்கெட் எடுத்துவிடலாமா?
– தலைமையாசிரியை, கரூர்

பெயர் போட்ட டிக்கெட் இப்போது வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் குழுக் கட்டணப் பிரிவில் முன்பணம் கட்டி இடத்தை மட்டும் பிடிக்கலாம். பெயர்களைப் பிறகு கொடுக்கலாம்.

முதல் வேலை பாஸ்போர்ட். சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். நாலாம் வகுப்பில் எடுத்தது இப்போது முடியும் தறுவாயில் இருக்கும். பத்தாண்டு என்று நினைத்துப் பெற்றோர் பீரோவில் வைத்திருப்பார்கள். ஆகவே 'இருக்கிறது' என்ற பதில் போதாது, நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள்.

புதிதாக எடுப்பவர்களை இழுத்தடிப்பவை இரண்டு. ஒன்று, தாய் தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவமான அனெக்ஷர் டி. அப்பா வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பிரமாணப் பத்திரம் வந்து சேர வேண்டும். ஒருவர் ஒப்புதல் கிடைக்கவே வழியில்லை என்றால் அனெக்ஷர் சி படிவம். இன்னொன்று, நம் இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் 'ர. கவின்', பிறப்புச் சான்றிதழில் 'கவின்', ஆதாரில் 'கவின் ரவி' என்றிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். இதனால்தான் மே பயணத்துக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள் என்கிறேன்.

விசா கடைசி மாத வேலை. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக, பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), முகவர் கூலி தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. குடிநுழைவுக்கான வருகை அட்டையை, இறங்குவதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அது இலவசம், பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

மே நல்ல தேர்வு. ஜூனில் அங்கே பள்ளி விடுமுறை, எங்கும் கூட்டம்.

கேள்வி: முகவர் மொத்தத் தொகைக்கும் பள்ளிப் பெயரில் ஒரே பில் தருகிறேன் என்கிறார். சரிதானா?
– பெற்றோர் சங்கப் பொறுப்பாளர், பெரம்பலூர்

வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது யார் பான் எண்ணில் ஏறுகிறதோ அவர்தான் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். பெற்றோர் ஒவ்வொருவர் பெயரிலும் தனி பில் கேளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் மூன்று நாளுக்குள் எதைப் பார்க்கலாம்?
– அறிவியல் ஆசிரியர், துறையூர்

கேளிக்கைப் பூங்கா ஒரு முழு நாளை விழுங்கிவிடும்; அதைத் துணிந்து வெட்டுங்கள். கட்டாயம் பார்க்க வேண்டியது 2008இல் திறந்த மரினா அணை. ஒன்பது மதகுகள், ஏழு ராட்சதப் பம்புகள். மழை கொட்டும்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் மதகைத் தாழ்த்தி நீரை விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் பம்பு வைத்து இறைப்பார்கள். நன்னீர்த் தேக்கம், வெள்ளத் தடுப்பு இரண்டும் ஒரே கட்டுமானத்தில். கூரைப் புல்வெளியில் நிழலே கிடையாது, மாலையில் போங்கள்.

தாவரவியல் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரம் சாகாமல் பால் எடுக்கும் கீறல் முறையை, பூங்காவின் அன்றைய இயக்குநர் ஹென்றி ரிட்லி அங்கேதான் வகுத்தார். மலாயாத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய கதையோடு அது இணைகிறது. சில காட்சியகங்களுக்குக் குறிப்பிட்ட நாளில் விடுமுறை, பார்த்து நாள் குறியுங்கள்.

கரூர்ப் பள்ளியைப் போல 24 பேர் என்றால் ஆசிரியர் மூவராவது வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒருவர் விடுதியில் தங்கினாலும் மீதி இருவர் இருப்பார்கள். ரயிலில் எட்டு எட்டுப் பேராகப் பிரியுங்கள். கதவு மூடிவிட்டால், நின்றவர் அதே நடைமேடையில் நிற்க வேண்டும். ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். இதை ஊரிலேயே ஒப்பிக்க வையுங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம்.

கேள்வி: மகனுக்குப் பொடி வகைகள் கொடுத்தனுப்பலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பருப்புப்பொடி போகலாம். கசகசா சேர்ந்த மசாலா கூடாது. அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் சூயிங்கமும் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.