மேக், விண்டோஸ், குரோம்புக்: பட்டனே இல்லாத டிராக்பேடில் ரைட் கிளிக் எப்படி?

அலுவலகத்தில் உங்களுக்கு மேக்புக், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளிடம் குரோம்புக், வீட்டில் அம்மாவிடம் பழைய விண்டோஸ் லேப்டாப். எதிலும் ரைட் கிளிக் பட்டன் கண்ணில் படவில்லை, பேசாமல் எல்லாவற்றுக்கும் மவுஸ் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புவதற்கு முன்னால் செட்டிங்ஸ் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

முன்பெல்லாம் விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் டிராக்பேடுக்குக் கீழே இடது, வலது என்று இரண்டு பட்டன் தனியாக இருக்கும். எந்த இடத்தில் அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. இப்போது எத்தனை விரல் வைக்கிறோம் என்பது கணக்கு. ஒரு விரல் என்றால் சாதாரண கிளிக். இரண்டு விரலைச் சேர்த்து வைத்து அழுத்தினால் ரைட் கிளிக். குரோம்புக்கில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் கிளிக் செய்தாலும் அதே வேலை நடக்கும். மகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேட்டால் சிரிப்பாள்.

மேக்கில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. புது மேக்புக்கில் 'டேப் டு கிளிக்', அதாவது லேசாகத் தட்டினாலே கிளிக் ஆகும் வசதி, அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் லேசாகத் தட்டியே பழகிய விரல் இங்கே தட்டோ தட்டென்று தட்டும், ஒன்றும் நடக்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் டிராக்பேட் பகுதிக்குப் போய் அதை இயக்கிவிடுங்கள். அதே இடத்தில் 'செகண்டரி கிளிக்' என்று இருப்பதுதான் ரைட் கிளிக். இரண்டு விரல் கைக்குப் பழகவில்லை என்றால், வலது கீழ் மூலையை அழுத்தினால் ரைட் கிளிக் ஆகும்படி மாற்றிக்கொள்ளலாம். அலுவலக ஐடி பிரிவு செட்டிங்ஸைத் தொடவே விடவில்லையா? கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்யுங்கள், போதும்.

கோப்பை இழுத்து வேறு இடத்தில் போடுவதுதான் டிராக்பேடில் பெரிய அவஸ்தை. ஒரு விரலால் அழுத்திக்கொண்டே நகர்த்தினால் பாதியில் நழுவிவிடும். இதற்கு ஆப்பிள் அருமையான வழி வைத்திருக்கிறது, ஆனால் டிராக்பேட் பகுதியில் தேடினால் கிடைக்காது. ஆக்ஸஸிபிலிட்டி, பாயின்டர் கன்ட்ரோல், டிராக்பேட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போய் மூன்று விரல் டிராகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவு நல்ல வசதியை ஏன் இப்படி ஒளித்து வைத்தார்களோ! அதை இயக்கியதும் மூன்று விரலால் செய்துகொண்டிருந்த சில ஸ்வைப்கள் நான்கு விரலுக்கு மாறிவிடும், பயப்பட வேண்டாம்.

ஆப்பிளுக்கு இந்த இரண்டாவது பட்டன் மேல் அப்படி என்ன கோபம் என்று தோன்றலாம். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1968ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் காட்டிய மவுஸிலேயே மூன்று பட்டன் இருந்தது. 1983ல் லீசா கணினியோடு ஆப்பிள் கொடுத்ததில் ஒன்றே ஒன்று. எதை அழுத்துவது என்ற குழப்பமே வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். 2005ல் ரைட் கிளிக்கும் செய்யக்கூடிய மைட்டி மவுஸ் வரும்வரை அந்தப் பிடிவாதம் தளரவில்லை. எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கணினி சொல்லித்தரும்போது "தம்பி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது.

உங்கள் அம்மாவுக்கும் அதுதான் சிக்கலாக இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை டபுள் கிளிக். முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை லேசாக நகர்ந்துவிடும், அல்லது நேரம் கடந்துவிடும். விண்டோஸ் இயல்பாகத் தருவது அரை விநாடிதான். மவுஸ் ப்ராபர்ட்டீஸில் அந்த வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதைவிட எளிது, ஒரே ஒரு கிளிக் செய்துவிட்டு என்டர் விசையைத் தட்டச் சொல்வது. ரைட் கிளிக்குக்குப் பதில் ஷிப்ட்டோடு எப்10 அழுத்தினாலும் ரைட் கிளிக்கில் வரும் அதே மெனு வரும். இன்னொன்று, பழைய லேப்டாப் டிராக்பேட் பலவற்றில் கீழ்ப்பாதிதான் அழுந்தும். மேலே அழுத்தினால் கல்லுப் போல இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு தொட்டாலும் அம்புக்குறி கண்டபடி ஓடும். நகத்தால் தட்டினால் அதற்குத் தெரியவே தெரியாது.

அப்புறம், மூன்று விரல். குரோம்புக்கில் ஓர் இணைப்பை மூன்று விரலால் தட்டினால் புது டேபில் திறக்கும். டேப்பின் மேலேயே தட்டினால் அது மூடிக்கொள்ளும். விண்டோஸ் 11ல் டச்பேட் செட்டிங்ஸில் மூன்று விரல் தட்டலை மவுஸின் நடு பட்டனாக மாற்றினால் இதே வசதி கிடைக்கும். மேக்கில் கமாண்ட் விசையோடு கிளிக் செய்தால் இணைப்பு புது டேபில் திறக்கும்.

சரி, மவுஸ் வாங்கலாமா? அம்மாவுக்குக் கட்டாயம் வாங்குங்கள், வயர் உள்ளதாக. பேட்டரி, புளூடூத் என்று ஒரு தொந்தரவும் கிடையாது. மகளுக்கு வேண்டாம். நீங்கள் நாள் முழுக்க எக்ஸெலில் உட்காருகிறவர் என்றால் உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மேக்கில் செருகியதும் சக்கரம் தலைகீழாக உருள்வது போல இருக்கும். அதைச் சரிசெய்ய, விரல் போகும் திசையிலேயே பக்கத்தை நகர்த்தும் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்'கை அணைத்தால் டிராக்பேடும் சேர்ந்து மாறிவிடும். இரண்டுக்கும் தனித்தனியாக வைக்க மேக்கில் வழி கொடுக்கவில்லை, அதற்கென்று வேறு செயலி போட வேண்டும்.